சாவி இல்லாமல் ஓடிய கம்ப்ரசர்

கம்ப்ரசருக்கு ரிலே போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. வண்டிக்கு ஒயர் போடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். போனைத் திறந்தால் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். எந்தக் காலில் பேட்டரி, எந்தக் காலில் மோட்டார், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எல்லாம் அதில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரிலேயின் கால்களுக்கு எண் போட்டிருக்கும் என்பதே தொழிலுக்கு வந்து ஆறேழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரிலேயில் பெரிய ஒயர் இரண்டு, சின்ன ஒயர் இரண்டு. கம்ப்ரசருக்குக் கரண்ட் போவது பெரிய ஒயரில். சின்ன ஒயரில் ஒரு துளி கரண்ட் வந்தால் போதும், உள்ளே டிக் என்று ஒட்டிக்கொண்டு பெரிய ஒயருக்கு வழிவிடும். அந்த ஒரு துளியை எங்கிருந்து எடுப்பது? சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனிலிருந்தா, எந்நேரமும் உயிரோடு இருக்கும் பேட்டரியிலிருந்தா? படத்தில் சாவி லைன் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் வண்டிக்காரர் நேரில் வந்து நின்று, "எனக்கு டைரக்ட்டா குடுத்துடுங்கண்ணே" என்பார். அப்போது என்ன செய்வது என்று படத்தில் இருக்காது.

கண் பார்வை மங்கிப் போனதால் சென்ற வருடம் கீழ்வேளூரில் இருந்த கடையை மூடிவிட்டேன். மிச்சச் சாமான்களை எடுத்துப்போக வந்தபோது உங்களில் இரண்டு மூன்று பேர், "உங்க அனுபவத்தச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டது இதுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு முந்தைய வாரம். சம்பா அறுப்புக்காக மேற்கேயிருந்து லாரியில் ஏற்றிவந்த நெல் அறுப்பு மிஷின் ஒன்று என் கடை வாசலில் இறங்கியது. ஆத்தூர் பக்கத்து வண்டி. டிரைவர் முருகேசனுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல வேலைக்காரன், வாய் ஓயாது. பழைய இரும்புக் கடையில் எடுத்த சின்ன கம்ப்ரசர் ஒன்றையும் ஒரு காற்றுத் தொட்டியையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"ரேடியேட்டரு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா அடைச்சுக்குதுண்ணே. நெல்லுச் சுணை பூரா வலையில போயி அப்பிக்குது. தட்டித் தட்டி நகமே தேஞ்சு போச்சு. காத்து இருந்தா புஸ்ஸுன்னு ஊதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"சாவி லைன்ல குடுக்கட்டுமா?" என்றேன்.

"அய்யய்யோ வேணாம்ணே. உங்க ஊர்லதான் சாவிய உருவிக்கிட்டுப் போயிடுறீங்களே. சாவி போனா காத்தும் போச்சு. சும்மா நிக்கிற நேரத்துலதான நான் ஊதித் தொடைக்க முடியும்? டைரக்ட்டா குடுங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. மிஷின் வெளியூர் வண்டி. அதை யார் வயலுக்கு எப்போது அனுப்புவது என்று ஊரில் ஓர் ஏஜெண்ட் வரிசை போடுவார். வானம் கறுத்தால் வரிசை குலையும். தன் முறை தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் வயல்காரர் மிஷினில் ஏறிச் சாவியை உருவி மடியில் கட்டிக்கொள்வார். தன் வயலில் மிஷின் இறங்கும்போது சாவியைக் கொடுப்பார். இடையில் டிரைவருக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. வருடத்துக்கு நாலைந்து முறையாவது நடக்கும். யாரும் போலீசுக்குப் போனதில்லை. செய்தவர்களும் பிறகு டீக்கடையில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அதனால் அவன் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் இடையில் கையால் நிறுத்த ஒரு சுவிட்சு வைத்தே ஆக வேண்டும். தாங்குகிற சுவிட்சு அன்று கடையில் இல்லை.

"நாகப்பட்டினம் போறப்ப வாங்கியாறேன். அதுவரைக்கும் பொறு."

"தொட்டி நெறைஞ்சா பிரஷர் சுவிட்சு தானா நிறுத்திடும்ல?"

"நிறுத்தும்."

"அப்புறம் என்னண்ணே? நாளைக்கு வயல்ல வந்து மாட்டிவிடுங்க. நான் எங்க போயிடப்போறேன்?"

தொட்டி நிறைந்தால் நிற்கும் என்பது சரி. காற்று குறைந்தால் தானாக மறுபடி ஓடும் என்பதும் அதே சுவிட்சின் வேலைதான். குழாய் மூட்டில் முடி அளவு கசிவு இருந்தால் போதும். நிறையும், குறையும், ஓடும், நிற்கும், ஆள் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். மூன்றாம் நாளே சுவிட்சை வாங்கியும் விட்டேன். அது என் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, முருகேசன் குறை சொல்லவில்லை, எனக்கும் கடையில் வேலை இருந்தது. பதினொரு நாள் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரைக்கு முருகேசன் போன் செய்தான்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. மிஷினு செத்துப் போச்சு. இங்க ஊரே கூடிக்கிட்டு இருக்கு."

மொபெட்டில் போனேன். வானம் கிழக்கே சாம்பல் நிறத்தில் இறங்கியிருந்தது. மழை வரும் என்று முதல் நாளே செய்தியில் சொல்லியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வரும் என்று எனக்கும் தோன்றியது. வழியெல்லாம் நெல் பழுத்து நின்றது.

மிஷின் நின்ற இடம் சரோஜாவின் வயல் வரப்பு. சரோஜாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். வயதான மாமியாரை வைத்துக்கொண்டு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். அவருக்காக ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் நாராயணன் என்ற பெரியவர். அவரும் அங்கே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

நடந்ததை முருகேசன் மூச்சுவிடாமல் சொன்னான். சரோஜா ஒன்பது நாள் காத்திருந்தாளாம். முந்தின நாள் சாயங்காலம் மிஷின் அவள் வரப்புக்கு வந்துவிட்டது. விடிந்து பனி ஈரம் காய்ந்ததும் அவள் வயலில் இறங்க வேண்டியது. மழைச் செய்தி வந்தவுடன் ஏஜெண்ட் தங்கராசு, அறுபது மா சாகுபடிக்காரரான கோவிந்தசாமியின் வயலுக்கு முதலில் போகச் சொல்லிவிட்டார். சரோஜா மிஷினில் ஏறினாள், சாவியை எடுத்தாள், முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். முருகேசன் போட்டுத் திருகினான். டிக் என்ற சத்தத்தோடு சரி.

தங்கராசு என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டினார். "வாங்க எலக்ட்ரீசியன். இந்த அம்மா என்னத்தத் திருகி வச்சாங்கன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

"நான் ஒண்ணையும் திருகல," என்றாள் சரோஜா. "ஆஃப் பண்ணித்தான் எடுத்தேன். வெளக்கு அணைஞ்சதப் பார்த்தேன்."

"அப்புறம் எப்புடி சாவும்?"

"எனக்கென்ன தெரியும்? ராத்திரி பூரா மிஷினு தானா உறுமுச்சு. நிக்கும், மறுபடி உறுமும். நான் டார்ச்சு அடிச்சு வந்து பார்த்தேன், ஒரு ஆளு இல்ல. விடியக்காலம் முனகி முனகி நின்னுச்சு."

கூட்டத்தில் யாரோ, "பேயி ஓட்டிப் பழகியிருக்கும்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. "சாவி இவ முந்தானையில, மிஷினு வயல்ல. ரெண்டும் போன்ல பேசிக்கிச்சாக்கும்" என்றார் இன்னொருவர். தங்கராசுகூடச் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "நான் கேட்டேன்," என்றாள். "என் காதால கேட்டேன்."

நான் மிஷினுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்தேன். கம்ப்ரசரைத் தொட்டேன். காலைப் பனியில் இரும்பெல்லாம் சில்லென்று இருந்தது, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. காற்றுக் குழாய் மூட்டில் எச்சில் தொட்டு வைத்தேன். சின்னதாகக் கொப்புளம் வந்தது. அவள் சொன்னது ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் உண்மை. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தால் மிஷின் ஓடும். டிராக்டர் கோவிந்தசாமியிடம் இருந்தது. வாய்க்கால் கரையைச் சுற்றி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது. ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதற்குத் தொழில் காரணம் உண்டு. டிராக்டர் ஒயரைக் கொடுத்ததும் கம்ப்ரசர் தானாக எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய கரண்டை அது தின்றுவிடும். கேட்டால் நீங்களும் பிடுங்கியது சரி என்றுதான் சொல்வீர்கள். ஆனால் ரிலே அதன் இடத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒயரை மாட்டிய நிமிடமே, சாவி போடுவதற்கு முன்பே, மிஷின் அத்தனை பேர் முன்னாலும் உறுமியிருக்கும். நான் வாயே திறக்க வேண்டியிருந்திருக்காது. அதுவும் பிடுங்கும்போது எனக்குத் தெரிந்திருந்தது.

டிராக்டர் வர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. ஒயரை மாட்டினேன். முருகேசன் சாவியைப் போட்டுத் திருகினான். இரண்டாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. மேலே பார்த்தேன். மேகம் இன்னும் கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பது மாவை அறுக்க அந்த மிஷினுக்கு மூன்று மணி நேரம் போதும். சரோஜாவும் அதைத்தான் கணக்குப் போட்டிருப்பாள். வரப்பில் கிடந்த சாக்குகளை எடுத்து உதறத் தொடங்கினாள்.

தங்கராசு இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "எலக்ட்ரீசியன், எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. என்ன கோளாறு?"

"பேட்டரி எறங்கிருச்சு."

"அது தெரியுது. எதனால எறங்குச்சு?"

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். முருகேசனும் பார்த்தான். பேர் கெட்டுவிடும் என்று பயந்தேனா, அத்தனை கண்களைப் பார்த்துப் பயந்தேனா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னது இது:

"சாவிக்கட்டை தேஞ்சு போயிருக்கு. ஆன்ல இருக்கும்போதே சாவி கையோட வந்துடும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பழைய மிஷின்களில் சாவியைப் போட்டுத் திருகும் அந்தக் கட்டை தேய்ந்துதான் இருக்கும். இந்த மிஷினிலும் தேய்ந்திருந்தது. ஆன் செய்த நிலையில் சாவியை இழுத்தால் வந்துவிடும். அவள் அப்படி இழுத்தாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"பார்த்தீங்களா!" என்றார் தங்கராசு. "நான் சொன்னப்ப நம்பலியே. ஆன்லயே உருவிட்டுப் போயிருக்கு. ராத்திரி பூரா உறுமுச்சாம், உறுமுச்சு!"

"இல்ல. நான் ஆஃப் பண்ணேன்," என்றாள் சரோஜா. என்னைப் பார்த்து, "அண்ணே, நான் ஆஃப் பண்ணேண்ணே" என்றாள்.

நான் டிராக்டரிலிருந்து கொடுத்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நாராயணன் தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஆம்பளைங்களே யோசிச்சு எடுக்குற சாவி. உனக்கு எதுக்கும்மா அந்த வேல?" என்றார். அவர் அதட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். தங்கராசு முருகேசனிடம் கையைக் காட்டினார். மிஷின் அவள் வயலில் இறங்காமல் வாய்க்கால் கரையோடு கோவிந்தசாமியின் வயலுக்குப் போயிற்று. கூட்டமும் அதன் பின்னாலேயே போனது. சரோஜா சாக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மழை இரண்டரை மணிக்கு வந்தது. மறுநாளும் விடவில்லை. அதற்கு மறுநாளும் தூறியது. முற்றிய நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நான்காம் நாள் வெயில் வந்தபோது கதிரிலேயே வெள்ளையாக முளை விட்டிருந்தது என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆள் வைத்துக் கையால் அறுத்து எடுத்த கொஞ்சத்தையும் கொள்முதல் நிலையத்தில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு அந்த வயலில் வாத்துக்காரர்கள் வாத்துகளை விட்டிருந்ததைச் சாலையில் போகும்போது பார்த்தேன்.

மழை விட்டபின் முருகேசன் கடைக்கு வந்தான். கம்ப்ரசர் ஓடவில்லை என்றான். ரிலே என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்து மாட்டினேன். சின்ன ஒயரைச் சாவி லைனுக்கு மாற்றினேன். ஃபியூஸ் போட்டேன், கை சுவிட்சு போட்டேன், ஓடும்போது எரிய ஒரு சிவப்பு விளக்கும் போட்டேன். குழாய் மூட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேர வேலை. முருகேசன் பக்கத்தில் குந்தியிருந்தான். அன்று மட்டும் அவன் வாய் ஓய்ந்திருந்தது.

"டைரக்ட்ட மாத்திட்டீங்க," என்றான் கடைசியில்.

"ஆமா."

"அண்ணே… அந்த அம்மா உறுமுச்சுன்னு சொன்னது…"

நான் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டைரக்ட்டா கேட்டது நான்தாண்ணே," என்றான். பிறகு எழுந்து போய் மிஷினில் ஏறிக்கொண்டான். அந்த வருடத்தோடு அவன் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். ஒருவர் பேசாமல் இருப்பதே போதும். இரண்டு பேர் சேர்ந்து பேசாமல் இருந்தால், நடந்ததுதான் சரி என்பதுபோல் ஆகிவிடுகிறது.

சித்திரையில் நிலச் சொந்தக்காரர் குத்தகையை மாற்றினார். மிஷின்காரர்களோடு தகராறு செய்கிற பெண், நெல்லையும் முளைக்க விட்டுவிட்டாள் என்று நாராயணன் சென்னைக்குச் சொல்லியிருந்தார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஒன்பது மாவும் கோவிந்தசாமியின் சாகுபடிக்குப் போனது. இதை எனக்குச் சொன்னவர் சைக்கிளுக்கு விளக்கு மாட்ட வந்த ஒருவர். சொல்லிவிட்டு, "எல்லாம் சாவி செஞ்ச வேல" என்று சிரித்தார். ஊரில் அவள் பெயரே சாவி சரோஜா ஆகியிருந்தது.

ஆவணியில் ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். ஏழு மாதம் கழித்து. வேறொருவர் வயலில் நாற்றுப் பறித்துவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். டைரக்டாகக் கொடுத்தது, சுவிட்சு போடாதது, வெதுவெதுப்பாக இருந்தது, ரிலேயைப் பிடுங்கியது, சாவிக்கட்டை என்று சொன்னது, எல்லாம். 

"அப்ப அது உறுமுனது நெசந்தான?" என்றாள்.

"நெசந்தாம்மா."

"எங்க வீட்டுக்காரரு போன்ல, 'நீ தூக்கத்துல கெனா கண்டிருப்ப'ன்னாரு. எங்க மாமியாருக்குக் காது கேக்காது. சொல்லிச் சொல்லி, கடைசியில நானே சரியா ஆஃப் பண்ணலையோன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பல்லாம் அடுப்ப அணைச்சுட்டு ரெண்டு தடவ வந்து பார்க்குறேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. "எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்றீங்க. அன்னைக்கு நின்னு சிரிச்சாங்கள்ல, அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலை அவர்கள் ஊர் டீக்கடைக்குப் போனேன். தங்கராசு இருந்தார், கோவிந்தசாமி இருந்தார், அன்று வயலில் நின்றவர்கள் மொத்தம் ஏழு பேர் இருந்தார்கள். பெஞ்சுக்கு முன்னால் நின்று சொன்னேன். தங்கராசு தலையைச் சொறிந்தார்.

"இத இப்ப வந்து சொல்றீங்க. மழ பெஞ்சது பெஞ்சதுதான. விடுங்கண்ணே, யாரு இப்ப அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு இருக்கா?"

கோவிந்தசாமி மட்டும், "அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைங்க. மொதல்ல அந்தப் பொண்ணோடத அறுத்துட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். உண்மையாகவே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். நிலத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சரோஜாவைப் பார்த்து, "அவங்ககிட்டச் சொல்லிட்டேம்மா" என்றேன்.

"எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஏழு பேரு."

"அன்னைக்கு இருவது பேரு நின்னாங்க," என்றாள்.

கோளாறு என்ன என்று எல்லோரும் நம்மிடம் கேட்பார்கள். வயலில் நிற்கிற யாருக்கும் ரிலே தெரியாது, ஒயர் தெரியாது. நாம் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு. சுவிட்சு இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள், சின்ன ஒயரைச் சாவியிலிருந்து எடுங்கள், இதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். தவறே செய்யாத எலக்ட்ரீசியன் கிடையாது. நீங்களும் செய்வீர்கள். செய்த அன்று, கேட்கிற அந்த நிமிடத்தில், "இது நான் போட்ட ஒயரால வந்தது" என்று சொல்லிவிடுங்கள். என்னைப் போல வாய் வராதவராக இருந்தால் ரிலேயையாவது அதன் இடத்தில் விட்டுவையுங்கள். அன்று காலை பத்து மணிக்கு அந்த ஐந்து சொல்லுக்கு மூன்று ஏக்கர் நெல்லின் மதிப்பு இருந்தது. ஆவணியில் அது டீக்கடைப் பேச்சு.

மிச்சமிருந்த பதின்மூன்று பேரை அதன் பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில், கோயில் வாசலில், என் கடைக்கே வண்டியோடு வந்தபோது. சொல்லச் சொல்ல எளிதாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேர் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். கடைசி ஆள் நாராயணன். அவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். அவர் ஒருவர் சென்னைக்கு ஒரு போன் போட்டால் நிலம் திரும்ப வாய்ப்பிருந்தது. அதனாலேயே அவரைத் தள்ளிக்கொண்டே போனேன். பெரியவர், அதட்டாமல் வருத்தமாகப் பேசுகிறவர், அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது.

வழியில் எப்போது பார்த்தாலும் சரோஜா ஒன்றுதான் கேட்பாள். "நாராயணன் மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?" இன்னும் இல்லை என்பேன். சரி என்று போய்விடுவாள்.

சென்ற வருடம் ஐப்பசியில் அவர் இறந்துபோனார். கருமாதிக்குப் போனேன். பந்தலில் சரோஜாவும் வந்திருந்தாள். பந்தியில் அவள்தான் என் இலைக்குச் சோறு போட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.